இருபத்து மூன்றின் எடை

சித்தி கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு மேற்படிப்புக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். "டாக்டருக்குப் படிக்கிறாள்" என்று தாத்தா தாம்பரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். யாருக்கு டாக்டர் என்பதை மட்டும் விட்டுவிடுவார். எண்பதுகளின் கடைசியில், ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், வீட்டில் என் தொல்லை தாங்காமல் என்னை அவள் தலையில் கட்டினார்கள். திங்கட்கிழமை தோறும் படப்பை பஸ் பிடித்து அவளோடு பல்கலைக்கழகப் பண்ணைக்குப் போவது வழக்கமாயிற்று.

அங்கே மூன்று கொட்டில்களில் பதினெட்டு செம்மறிக் குட்டிகள். எல்லாம் நம் பக்கத்து மெட்ராஸ் சிவப்பு இனம். தீவனத்தில் புளியங்கொட்டைத் தூள் கலந்தால் எடை கூடுமா என்பதுதான் சித்தியின் ஆராய்ச்சி. ஒரு கொட்டிலுக்குத் தூள் கிடையாது, ஒன்றுக்குக் கொஞ்சம், ஒன்றுக்கு நிறைய. வாரம் ஒரு முறை காலையில், தீனி தண்ணீர் காட்டும் முன்பே, ஒவ்வொன்றையும் கோணியில் கட்டித் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். ஆறு மாதம் முடிந்ததும் ஒவ்வொரு கொட்டிலிலும் சராசரி எடைக்கு மிக அருகில் இருக்கும் இரண்டு குட்டிகளை அறுத்து, இறைச்சி எவ்வளவு, எலும்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். குண்டாக இருந்தால் தப்பித்தது, நோஞ்சானாக இருந்தாலும் தப்பித்தது. நடுவில் இருந்தால் போயிற்று. இந்தக் கடைசிப் பகுதியை எனக்கு யாரும் சொல்லவில்லை.

காதில் இருபத்து மூன்று என்று பண்ணை எண் போட்ட தகடு மாட்டிய குட்டி ஒன்று இருந்தது. தாய்க்குப் பால் இல்லாததால் சித்தியே பாட்டிலில் பால் கொடுத்துத் தேற்றியது. ஆராய்ச்சிக் குட்டிக்குப் பெயர் வைக்கக் கூடாது, கொஞ்சக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே அதன் நெற்றியைச் சொறிந்துகொண்டிருப்பாள். அது என் பாவாடையைத் தின்னப் பார்க்கும். எடையில் மட்டும் அதற்குச் சாமர்த்தியம் போதாது. வாரா வாரம் கொட்டிலின் சராசரியை உரசிக்கொண்டு நட்டநடுவில்தான் நிற்கும்.

தராசு முள்ளைப் படிக்கவும் சித்தி எனக்குக் காட்டியிருந்தாள். குட்டி துள்ளி அடங்கும் வரை பொறுக்க வேண்டும், கண்ணை முள்ளுக்கு நேராக வைக்க வேண்டும். "அரை கிலோ தப்பா எழுதினாலும் ஆறு மாச வேலை குப்பைடி" என்பாள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னைவிடச் சரியாகப் பார்க்க அந்தப் பண்ணையில் ஆளில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கடைசி எடை பார்த்த அன்று சித்தியின் பேராசிரியரும் வந்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருபத்து மூன்றின் முறை வந்தது. பண்ணை ஆள் கோணியைத் தராசில் மாட்டினார். முள் ஆடி ஆடிப் பதினாறில் நின்றது.

"பதினேழரை" என்று சொல்லி சித்தி நோட்டில் எழுதினாள்.

நான் முள்ளைக் காட்டினேன். "சித்தி, பதினாறு!"

காதில் விழாதவள் போல அவள் அடுத்ததைக் கொண்டுவரச் சொன்னாள். பண்ணை ஆள் அவசரமாகக் கோணியை அவிழ்க்கப் போனவர் என் பக்கம் குனிந்து, "பாப்பா, கம்முனு இரு. டாக்டரம்மாக்குத் தெரியாதா இன்னா?" என்றார். மறுபடி தூக்கச் சோம்பல்பட்டு மழுப்புகிறார் என்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆறு மாத வேலை குப்பையாகப் போகிறதே!

"பதினாறுதான்! நான் நேரா நின்னு பார்த்தேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

பேராசிரியர் எழுந்து வந்தார். "குழந்தை என்னம்மா சொல்லுது?"

சித்தி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. "அவ சொல்றதுதான் சார் சரி. நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்" என்றாள். எழுதியதை ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் பதினாறு என்று எழுதினாள். பேராசிரியர் என் தலையைத் தட்டி, "உன்னைவிட இவ கெட்டிக்காரியா இருக்காளே" என்றார். கோணியிலிருந்து இறங்கிய இருபத்து மூன்று நேராக என் பாவாடைக்கு வந்தது. பண்ணை ஆள் மட்டும் அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை.

மத்தியானம் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் சித்தி இரண்டு பன்னீர் சோடா வாங்கினாள். அவள் ஆராய்ச்சியை நான் காப்பாற்றியதற்கான பரிசு என்றே நினைத்தேன். எப்படிப் பார்த்தேன், எப்படிக் கண்டுபிடித்தேன் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தால் கூசிப் போகிறது. அடுத்த திங்கட்கிழமை சீக்கிரமே கிளம்பிவிடலாம் என்றேன்.

"அடுத்த வாரம் நீ வர வேணாம்டி" என்றாள்.

ஏன் என்று கேட்கவில்லை. என் சோடா தீர்ந்துபோயிருந்தது. அவள் தன்னுடையதை ஒரு வாய்கூடக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் கேட்டு வாங்கி நானே குடித்தேன்.