ஏழெட்டு ஐம்பத்து நாலு

மதிப்பெண் குறைந்த பிள்ளைகளெல்லாம் பெரிய பல்கலைக்கழகங்களில் எப்படித்தான் நுழைகிறார்களோ என்று யாராவது வியந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி ஒருவரை உள்ளே அனுப்பிவைத்தவர்களில் நானும் ஒருத்தி. அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அப்பா ஃபேக்டரியிலும் அம்மா கொழுந்து பறிப்பிலும் இருந்தார்கள். அக்கா பிளஸ் டூ. அம்மாமார்கள் பகலில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கூடத்தில், சாயங்காலமானால் அக்கா எங்கள் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுப்பாள். அவளை யாரும் கேட்டுக்கொண்டதில்லை. கரண்ட் போனால் இருட்டிலேயே வாய்ப்பாடு நடக்கும். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கினால் காது திருகப்படும்.

வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில், தேர்வாகிற ஏழைப் பிள்ளைகளின் முழுச் செலவையும் அவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள் என்று டீச்சர் சொல்ல, அக்கா விண்ணப்பித்தாள். வேறெங்கும் அனுப்ப வீட்டில் வசதி இல்லை. அதே இடத்துக்கு எஸ்டேட் மேனேஜரின் மகனும் விண்ணப்பித்திருந்தார். ஊட்டியில் குதிரையேற்றம்கூடக் கற்றுத்தரும் பள்ளியில் படித்தவர். மதிப்பெண் அக்காவுடையதைவிட வெகுவாகக் குறைவு. ஆனால் அங்கே மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லையாம், முழு மனிதரைப் பார்ப்பார்களாம். முழு மனிதருக்குச் சமூக சேவை வேண்டுமாம்.

ஒரு சனிக்கிழமை முழு மனிதர் குன்னூர் கேமராக்காரர் ஒருவரோடு ஜீப்பில் வந்து இறங்கினார். எங்களுக்கெல்லாம் கிரீம் பிஸ்கட். அக்காதான் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, சாக்பீஸையும் அவர் கையில் எடுத்துக் கொடுத்தாள்.

“அம்மணி, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. படத்துல விழுகறீங்க” என்றார் கேமராக்காரர். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அக்கா போய் நின்றாள்.

வீடியோவுக்கு ஒரு பிள்ளை கணக்கைத் தப்பாகப் போட வேண்டும், மேனேஜர் வீட்டு அண்ணன் திருத்த வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று பளிச்சென்று எழுதினேன்.

“தெரியாத மாதிரி போடு கண்ணு.”

அழித்துவிட்டு ஐம்பத்து நாலு என்று போட்டேன். தலையைக்கூடச் சொறிந்துகொண்டேன். அண்ணன் என் கையைப் பிடித்துச் சரியாக எழுதவைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

“நல்லா நடிச்சேனாக்கா?” என்று வெளியே ஓடினேன். அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

அக்காவின் நேர்காணல் அப்பாவின் போனில் நடந்தது. சிக்னலுக்காக மேட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் குடை பிடித்தேன். எல்லாம் இங்கிலீஷ், எனக்குப் புரியவில்லை. சில வாரம் கழித்து மேனேஜர் பங்களாவிலிருந்து லைன் முழுக்க லட்டு வந்தது. அக்காவுக்கு, வருந்துகிறோம் என்று ஒரு ஈமெயில் வந்தது.

பணத்தைக் கொட்டி அந்த இடத்தை வாங்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருக்காது. பணமாவது அவர்களுடையது. அக்காவின் சாயங்காலங்களை அல்லவா அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த வீடியோவைப் பார்த்து அங்கே மெச்சியும் இருக்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

“இன்டர்வியூவுல என்னதான் கேட்டாங்க அம்மணி?” என்று ஈமெயில் வந்த அன்று அப்பா கேட்டார்.

“பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கறேன்னு சொன்னேனுங்கப்பா. போட்டோ, வீடியோ ஏதாச்சும் இருக்கான்னாங்க. இல்லீங்கன்னேன்.”

இவ்வளவுதானா என்று எனக்கு உற்சாகம் பொங்கியது. “அந்த அண்ணன்கிட்ட இருக்குதேக்கா. நான்கூட அதுல இருக்கறேன். கேட்டாக் குடுப்பாங்க.”

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். அக்கா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தாள். அன்று சாயங்காலம் வகுப்பு இல்லை. அக்கா லீவு விட்டுவிட்டாள் என்று லைன் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். பிள்ளைகள் எல்லாரும் வெளியே வந்து, இருட்டும்வரை சந்தோஷமாக விளையாடினோம்.