அவளுக்கு ஒரு பிள்ளை இருந்ததாம்

இரவு வேலை முடிந்து வரும் காலைகளில் எங்களுக்கு உடனே தூக்கம் வராது. விடிய விடிய மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, எலெக்ட்ரானிக் சிப்புகளில் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளை ஒட்டிவிட்டு, கம்பெனி பஸ்ஸில் ஜெலுத்தோங் வந்து இறங்கும்போது உடம்பு முழுக்க ஓய்ந்திருக்கும். கண் மட்டும் ஓயாது. மூடினால் இமைக்குள்ளும் கம்பிகள் மினுங்கும். அதனால்தான் நாங்கள் கூட்டாகக் காசு போட்டு ஒரு வீடியோ பெட்டி வாங்கினோம். இரவு வேலை வாரத்தின் கடைசி நாளான சனிக்கிழமை காலை, திரைச்சீலைகளை இழுத்து மூடி, பாயை விரித்து, ஒரு படம் போட்டுக்கொண்டு படுப்போம். பாதிப் படத்தில் ஒவ்வொருத்தியாகத் தூங்கிப்போவோம்.

அந்த ஃபிளாட்டில் நாங்கள் நான்கு பேர். வீட்டை வாடகைக்கு எடுத்தவள் பாகான் டாலாமில் பிறந்து வளர்ந்தவள். அண்ணியோடு ஒத்துவராமல், கடலைத் தாண்டி இந்தத் தீவுக்கு வந்துவிட்டவள். வாய் நீளம். கல்யாணமாகாத பெண்களை மட்டும்தான் சேர்த்துக்கொள்வேன் என்று ஆரம்பத்திலேயே சொன்னவளும் அவள்தான். அவளோடு ஒரே அறையில் இருந்தவள் எங்கள் எல்லோரிலும் இளையவள். சின்னவள் என்றே கூப்பிடுவோம். அடுத்த அறையில் நானும், சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அக்காவும். அக்கா வந்த முதல் நாள், ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, அம்மா மட்டும் இருக்கிறாள், வேறு யாரும் இல்லை என்றாள். இரண்டு வருஷம் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

நான் ஐந்தாம் படிவம், அதாவது பதினோரு வருஷப் பள்ளிக்கூடம் முடித்தவள். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நானே. அப்பா சம்பளம் வாங்க விரலை மையில் தொட்டவர். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. அந்த வருஷக் கடைசியில், பல்கலைக்கழகம் போக வேண்டுமென்றால் எழுத வேண்டிய ஆறாம் படிவத் தேர்வைத் தனியாக எழுதப் பதிந்திருந்தேன். அறையில் ஒரு மேசை போட்டு, வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் படித்துக்கொண்டிருந்தேன். தூக்கத்தைத் திருடித்தான் படிக்க வேண்டியிருந்தது.

படம் பார்க்கும்போதும் எனக்கு வேலை இருந்தது. ஆங்கிலப் படமென்றால் கீழே ஓடும் மலாய் எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு மலாய் பேச வரும். அந்த வேகத்தில் வாசிக்க வராது. நான் ஒரு வரி தாமதித்தால் பாயிலிருந்து ஒரு கால் வந்து இடிக்கும். எந்தப் படம் நல்ல படம், எது புளுகு என்று கடைசித் தீர்ப்பும் என்னிடம்தான் கேட்பார்கள். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று.

நான் சொல்லவந்த சனிக்கிழமைக்கு ஒரு வாரம் முன்னால், சோறு தின்றுகொண்டிருக்கும்போது அக்கா தட்டிலிருந்து தலையை எடுக்காமல் விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பிள்ளையின் அப்பன் அது பிறந்த வருஷமே போய்விட்டான். எங்கே என்று தெரியாது. இதுவரை அம்மா பார்த்துக்கொண்டாள். இப்போது அம்மாவுக்கு முடியவில்லை, கூலிமில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறாள். அந்த வீட்டில் அம்மாவுக்கு இடம் உண்டு, பிள்ளைக்கு இல்லை. வருகிற வருஷம் அது பள்ளிக்கூடம் போக வேண்டும். இந்த வீட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை என்றால் ஏதாவது அநாதைப் பிள்ளைகள் ஆசிரமத்தில்தான் விட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவிடம் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டாள்.

பிள்ளை வந்தால் படுப்பது எங்கள் அறையில், என் மேசைக்குப் பக்கத்தில். ஆக, நான் சரி என்று சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய சரி பாகான் டாலாம்காரியுடையது. எங்கள் மூவருக்கும் மாறி மாறி ஷிஃப்ட். அவளுக்கு மட்டும் கம்பெனி ஸ்டோரில் பகல் வேலை. நாங்கள் இரவு வேலைக்குப் போகும் வாரங்களில் பிள்ளையோடு வீட்டில் இருக்கப்போகிறவள் அவள். அவளோ அந்த வாரம் முழுக்க அக்காவோடு பேசவில்லை. பிள்ளை இருப்பதற்காக அல்ல, மறைத்ததற்காக. நானும் பதில் சொல்லாமல் ஒத்திப்போட்டுக்கொண்டிருந்தேன். என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட அசதியாக இருந்தது.

சனிக்கிழமை வந்தது. வீடியோ கடைச் சீனர் முதல் நாளே சின்னவளிடம் ஒரு டேப்பைக் கொடுத்து, நீங்கள் அன்றைக்குக் கொண்டுபோன விண்வெளிப் படத்துக்கு இது நோம்போர் துவா, இரண்டாவது என்று சொல்லி அனுப்பியிருந்தார். முதல் படம் எங்கள் நால்வருக்கும் பிடித்த படம். ஏதோ ஒரு கோளுக்கு அப்பால் ஒரு சுரங்க நிலையம். அதில் ஒரு பெண் இஞ்சினியர். நிலையம் வெடிக்கப்போகிறது, மற்றவர்கள் கப்பலேறித் தப்புவதற்காக அவள் உள்ளே இருந்து கதவைப் பிடித்துக்கொள்கிறாள். கப்பலில் இருக்கும் ஒரு இளைஞன் கேட்கிறான், உன் வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று. யாரும் இல்லை என்கிறாள் அவள். அந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் அழுதோம். அக்கா எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். சினிமாவுக்கு இப்படி ஒரு அழுகையா என்று அன்றைக்கு அவளைக் கேலிகூடச் செய்தோம்.

செத்தவளை வைத்து இரண்டாவது படம் எப்படி எடுத்தார்கள் என்று பேசிக்கொண்டேதான் டேப்பைப் போட்டோம். சிறிது நேரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. இது பின்னால் நடக்கும் கதை இல்லை, முன்னால் நடந்தது. அவள் எப்படி அந்த நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தாள் என்கிற கதை. விளக்கினேன். சின்னவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆளே வேறு, இவள் மூக்கு வேறு என்றாள். வயதோடு சேர்ந்து மூக்கும் குறைந்திருக்கும் என்றாள் பாகான் டாலாம்காரி.

அதற்கப்புறம் ஓட்டைகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். முதல் படத்தில் டி.வி. பெட்டிகள் எல்லாம் பழசு, குமிழ் வைத்துத் திருகுவது. அதற்கு முந்தைய காலத்தைச் சொல்லும் இதிலோ எல்லாம் கண்ணாடி மாதிரி மெல்லிசு. நடுவில் கம்பெனி நொடித்துப்போய்விட்டதா? "நம்ம கம்பெனி சாமான் வாங்கியிருப்பான்லா, அதான் அடுத்த வருஷமே கெட்டுப்போச்சு" என்றாள் சின்னவள். கப்பலின் கதவு அத்தனை நேரம் திறந்திருந்தும் ஒருத்தர் தலைமுடிகூட ஏன் பறக்கவில்லை என்று நானும் என் பங்குக்குக் கேட்டேன். பௌதிகம் படித்துக்கொண்டிருந்த காலம் அது.

ஒன்றை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. பயணத்துக்கு முன் ஆட்களைக் கண்ணாடிப் பெட்டியில் படுக்கவைத்து ஆறு மாதம் தூங்கவைக்கிறார்கள். பெட்டிக்குள் நீல வெளிச்சம், மூடும் கதவு, அதற்குள் ஒரு முகம் மெதுவாகத் தளர்வது. யாராவது எங்களையும் அப்படிப் படுக்கவைத்து மூடிவிட்டால் தேவலை என்று நான் நினைத்தேன். என்னோடு இரவு வேலை பார்த்த மற்ற இருவரும் அதைத்தான் நினைத்திருப்பார்கள்.

பிறகு படம் சற்றுப் பின்னோக்கிப் போனது. அவள் புறப்படுவதற்கு முந்தைய நாள். ஒரு சமையலறை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சின்னப் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண் அவளை அம்மா என்று கூப்பிடுகிறாள். நான் அந்த எழுத்தை வாசித்தேன், தமிழில் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

சின்னவள்தான் யோசிக்காமல் வாயைத் திறந்தாள். "இவளுக்குப் பிள்ளை இருந்துச்சா? அதுல யாருமே இல்லைன்னு சொன்னாளே."

பாகான் டாலாம்காரி படத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "அப்பவே பொய் சொல்லியிருக்கா. நாமதான் லூசு மாதிரி அழுதோம்."

நடுவில் பிள்ளை செத்துப்போயிருக்கும் என்று சமாதானம் சொல்லப் போய், பாதியில் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று நினைவு வந்து, சின்னவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். எழுதியவன் முதல் படத்தை மறந்திருப்பான் என்று நான் சொல்லிப்பார்த்தேன். பாகான் டாலாம்காரி விடவில்லை. எழுதியவன் எதையும் மறக்கவில்லை, அந்தப் பொம்பளைதான் அழுத்தக்காரி என்றாள். சாகப்போகிற நேரத்தில் ஒருவன் கேட்கிறான். அப்போதும் சொல்லவில்லை என்றால் அவளை என்னவென்று சொல்வது என்று கேட்டாள்.

அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள். "பிள்ளை இருக்குன்னு சொல்லியிருந்தா அந்தக் கப்பல்ல ஏத்தியிருப்பானா?"

"கேட்டுப் பாத்திருக்கலாம்ல? மாட்டேன்னு சொல்வாங்கன்னு இவளா நெனைச்சுக்கிட்டா எப்படி? அப்போ கூட இருந்தவங்க எல்லாம் யாரு?" என்றாள் பாகான் டாலாம்காரி.

திரையில் அந்தப் பெண் இரண்டாவது சடையைப் பின்னிக்கொண்டிருந்தாள். சின்னவள் எழுந்து படத்தை நிறுத்தினாள். படம் நடுங்கியபடி நின்றது. பாகான் டாலாம்காரி என் பக்கம் திரும்பினாள்.

"நீதான படிச்சவ. நீ சொல்லு. இது ஓட்டையா இல்லையா?"

கேள்வி எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அத்தனை அசதியிலும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முன்கதை எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். முடிவு எல்லோருக்கும் தெரிந்த பிறகு ஆரம்பத்தைச் சொல்கிறார்கள். புதிதாக எதையாவது வைத்தால்தான் பார்க்க வருவார்கள். வைத்தாலோ பழையதோடு முட்டும். முட்டுவதெல்லாம் பிழையாகிவிடாது. முதல் படத்தில் நாம் அவளை அறிந்தது ஒரே ஒரு நாள். ஒரு நாளில் ஒருத்தி சொன்னதை வைத்து... இப்படிப் பேசிக்கொண்டே போனேன். தேர்வுத் தாளில் எழுதினால் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும்.

அக்கா என் கையைத் தொட்டு நிறுத்தினாள். குரலில் கோபமில்லை. நல்ல தூக்கக் கலக்கம் இருந்தது.

"படத்தைப் பத்தி அப்புறம் சொல்லு தங்கச்சி. எம்பிள்ளை இந்த வீட்டுக்கு வரலாமா, வேணாமா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நாளைக்கு நான் பஸ் ஏறணும்."

அதற்கு மேல் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள யாராலும் முடியவில்லை. ஒரு வாரமாக நான் சொல்லாமல் வைத்திருந்தது என்ன என்று யோசித்துப்பார்த்தேன். பிள்ளை சத்தம் போடும், படிக்க முடியாது என்பதுதான். இந்த மேசை வரை வந்து சேர்வதற்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. இன்றைக்கும் இல்லை.

"வரட்டும்க்கா" என்றேன். "ஆனா நான் படிக்கிறப்ப லைட்டை அணைக்க மாட்டேன். அது வெளிச்சத்துல தூங்கிப் பழகணும்."

"பழகிக்கும்" என்றாள் அக்கா. உடனே பாகான் டாலாம்காரியைப் பார்த்தாள்.

அவள் காலால் பாயின் ஓரத்தைச் சுருட்டினாள், விரித்தாள். கீழே காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும் மோட்டார் சைக்கிள்களின் சத்தம் கேட்டது.

"எனக்கு உங்க மேல கோவம் போகலை. போகுமான்னும் தெரியலை" என்றாள் கடைசியில். "பிள்ளை மேல எனக்கென்ன கோவம். ராத்திரி அழுதுச்சுன்னா என்ன செய்யணும்னு சொல்லிட்டுப் போங்க. எனக்குப் பிள்ளை வளத்துப் பழக்கமில்லை."

அக்கா தலையாட்டினாள். அழவில்லை, நன்றியும் சொல்லவில்லை. முதுகுப் பக்கம் தட்டிக்கொடுத்தால் போதும், அடங்கிவிடும் என்றாள். பாகான் டாலாம்காரி எந்தப் பக்கமாகப் படுக்கவைத்து என்று கேட்டுக்கொண்டாள். சின்னவள் படத்தை மறுபடி ஓடவிட்டாள்.

நான் வாசிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் கால் இடிப்பது நின்றது. திரும்பிப் பார்த்தேன். அக்கா சுவர்ப் பக்கமாகச் சுருண்டு, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னவளும் தூங்கிவிட்டாள். இரவெல்லாம் வீட்டில் படுத்திருந்த பாகான் டாலாம்காரியும் தூங்கிவிட்டாள். கண் எரிய எரிய மீதிப் படத்தை நான் தனியாகப் பார்த்தேன்.

பாதிக்கு மேல் படம் சரியில்லை. துரத்தல், வெடி, மறுபடி துரத்தல். ஆனால் அந்த ஓட்டையை அடைத்திருந்தார்கள். பெட்டிக்குள் தூங்கவைத்தபோது ஏதோ கோளாறாகி அவள் பழைய நினைவெல்லாம் அழிந்துவிட்டதாம். பிள்ளை இருந்தது அவளுக்கே தெரியாதாம். யாரும் இல்லை என்று அவள் சொன்னது அதனால்தானாம். அதைவிட மட்டமான சமாதானத்தை நான் எந்தப் படத்திலும் கேட்டதில்லை.

மாலையில் எல்லோரும் எழுந்து கோப்பி குடிக்கும்போது, படம் எப்படி முடிந்தது என்று அக்கா கேட்டாள். சொன்னேன்.

"மறந்துட்டாளாமா?"

"ஆமாக்கா. எந்திரிக்கும்போது எல்லாம் அழிஞ்சிடுச்சாம்."

அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "எழுதுனவனுக்குப் பிள்ளை இல்லை போல" என்றாள்.

பாகான் டாலாம்காரி எழுந்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எங்கள் அறைக்குள் வந்தாள். மேசை எவ்வளவு கனம் என்று ஒரு பக்கத்தைத் தூக்கிப்பார்த்தாள். அக்காவும் வந்து சேர்ந்துகொள்ள, மூன்று பேருமாக அதை ஜன்னலோரம் நகர்த்தினோம். சுவருக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு சின்னப் பாய்க்கு இடம் கிடைத்தது. பாய் இன்னும் வாங்கவில்லை. அந்த இடத்தைப் பெருக்கிவிட்டு, அடுத்த வாரத்துக்கான துணிகளைத் துவைக்கப் போனோம்.