முன்சக்கரத்துச் சத்தம்

வளைகாப்பு முடிந்து மகளைக் குன்னத்தூரிலிருந்து பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்ததிலிருந்து, அவளை அவிநாசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வருவது என் பொறுப்பாகிவிட்டது. என் கணவர் தறியை விட்டு நகரமாட்டார். சோமனூரில் எங்களுக்குச் சொந்தமாக விசைத்தறிக் கூடம் இருக்கிறது; கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் அதற்குள்தான் கிடக்கிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே நாற்பது தாண்டித்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே உள்ளுக்குள் ஓர் உதறல் இருக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன், அவ்வளவுதான்.

அன்று காலை பைபாஸ் பாலத்திலிருந்து இறங்கும்போது, எங்களுக்கு முன்னால் நூல் மூட்டை ஏற்றிப் போன லாரி திடீரென்று வேகத்தைக் குறைத்தது. பிரேக்கை மிதித்தேன். இடதுபக்க முன்சக்கரத்திலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். காலடியில் பிரேக் மிதி அதிர்ந்தது. வண்டி நின்றுவிட்டது, ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற இடம்தான் மிச்சம். பின்சீட்டில் மகள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு, கல்லுகில்லு மாட்டியிருக்கும்" என்றேன். வாய்தான் சொன்னது. 

அதற்கப்புறம் ஓரமாக, நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு போனேன். பிரேக்கைத் தொடவே பயம். தொடாமல் இருக்கவும் பயம். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அந்தக் கரகரப்பு காலிலிருந்து வயிறுவரை ஏறியது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். அடித்துக்கொள்ளட்டும், அவர்கள் வண்டியிலா நிறைமாசப் பிள்ளைத்தாச்சி இருக்கிறாள்? சென்னிமலை முருகனை வாய்விட்டே கூப்பிட்டேன். சாலையோரத்தில் ஒரு மெக்கானிக் கடை தெரிந்ததும் அழுகை வந்துவிட்டது.

மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிக் குனிந்து பார்த்தார். "வெளிப்பக்கத்து பிரேக் கட்டை நல்லாத்தானுங்க்கா இருக்குது" என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு உள்பக்கத்து பிரேக் கட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அதில் உரசித் தேய்கிற பகுதியே இல்லை. வெறும் இரும்புத் தகடுதான் இருந்தது. காலை எடுத்ததும் கட்டையை விலகவிடுகிற இரும்பு ‘பின்’ ஒன்று துருவேறி இறுகிவிட்டதாம். அதனால் உள்கட்டை மட்டும் ஓயாமல் உரசித் தீர்ந்துபோயிருக்கிறது. அது உரசுகிற டிஸ்க்கைத் தடவிப் பார்த்தேன். நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தது.

"இத்தன நாளாக் கத்தீருக்குமேங்க்கா" என்றார் மெக்கானிக். தேய்ந்து வளைந்த ஒரு சின்னத் தகட்டைக் காட்டினார். "கட்டை தேஞ்சா இது டிஸ்க்குல பட்டுக் கீச்சுகீச்சுன்னு கத்தும். மாத்தச் சொல்லிக் கூப்பிடறதுக்குன்னே வெச்சிருக்கறதுங்க. கேக்கலீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னமோ வண்டியைக் கவனிக்கத் தெரியாதவள் மாதிரி! "கத்தவே இல்லீங்க. கத்தினா எனக்குக் கேக்காதா?"

மகள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "கத்துச்சும்மா" என்றாள். "நான் வந்த நாள்ல இருந்தே கத்துது. பிரேக் புடிக்கறப்பல்லாம் காதைக் குத்தும். நீ தெரிஞ்சுதான் ஓட்டறீன்னு நெனச்சேன்."

தறி ஓடும்போது எங்கள் கூடத்தில் யாரும் யாரையும் காதால் கேட்பதில்லை. உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும் வேலை நடந்துவிடும். வீட்டுக்கு வந்தாலும் கத்தித்தான் பேசுவோம். இப்போதெல்லாம் ஜனங்களுக்குத் தொண்டையில் தெம்பில்லை என்று நானே கேலி செய்திருக்கிறேன். காதில் கோளாறு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்தக் கடையில் நின்று ஒவ்வொரு சத்தமாகக் காது கொடுத்தேன். ஸ்பேனர் விழுவது கேட்டது. லாரி ஹாரன் கேட்டது. இன்னும் என்னென்ன கேட்காமல் போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? லாரிக்குப் பின்னால் நின்றபோது வந்ததைவிட இந்தப் பயம் பெரிதாக இருந்தது. 

மெக்கானிக் பின்னைத் துருப்போகத் தேய்த்து கிரீஸ் வைத்தார். பனியன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு புது டிஸ்க்கை மாட்டி, இரண்டு முன்சக்கரத்துக்கும் புதுக் கட்டை போட்டார். கடை முன்னாலேயே முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மிதி சீராக இறங்கியது. கால் அதிரவில்லை.

"சத்தம் ஏதாச்சும் வருதுங்களா?" என்று ஜன்னல் பக்கம் வந்து கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் மகள் முகத்தைப் பார்த்தேன். அவள் இல்லை என்று தலையாட்டிய பிறகுதான், "இல்லீங்க" என்றேன்.

மறுபடி அவிநாசிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் தேவையே இல்லாத இடத்திலும் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளைத் தூங்கவிட்டு, ராத்திரி குழந்தை அழுதால் எழுந்து பார்க்க, அதை அவள் அம்மாதான் பக்கத்தில் போட்டுக்கொள்வாள். எனக்கும் என் அம்மா அப்படித்தான் செய்தாள்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கையை விடவில்லை.

"அம்மா, கொழந்தை பொறந்ததுக்கப்புறம் ராத்திரியில தொட்டில் எம்பக்கத்துலயே இருக்கட்டும்."

"சரி சாமி" என்றேன்.

அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.