தேதி அக்காவின் சிவப்பு முத்திரை

எங்கள் பத்திரிகை அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவில், ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது. அதற்குள் முந்நூற்று அறுபத்தாறு அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தேதி எழுதி ஒட்டியிருக்கும். பிப்ரவரி இருபத்தொன்பதுக்கும் ஒரு பெட்டி உண்டு. பாவம், நோஞ்சான் பெட்டி. ஆனாலும் மற்றப் பெட்டிகளோடு சேர்த்து அதற்கும் திங்கட்கிழமைதோறும் தூசி தட்டப்படும். தட்டுகிறவரை நாங்கள் தேதி அக்கா என்று கூப்பிடுவோம். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

பழைய செய்திகளைக் கத்தரித்து, தேதி முத்திரை குத்தி, பெட்டியில் சேர்ப்பது அவர் வேலை. அந்தப் பெட்டிகளிலிருந்து தினமும் ஆறு வரி எழுதுவார். ‘இதே நாளில்’ என்று தலைப்பு. நாலு வரி சரித்திரம், இரண்டு வரி விளையாட்டு. அந்த ஆறு வரி வந்து உட்காரும் இடம் என் பக்கம். நான் விளையாட்டுப் பக்கம் பார்க்கிறவள். கடைசி நேரத்தில் ஒரு ஆட்டத்தின் முடிவு வரும், இடம் இருக்காது. “அக்கா, ஒரே ஒரு வரியைத் தூக்கிக்கறேன்” என்று கெஞ்சுவேன். “எந்த வரி? நீயே சொல்லு, அன்னிக்கு அது நடக்கலேன்னு சொல்லிடுவோம்” என்பார். பதினாறு வருஷத்தில் ஒரு வரி விட்டுக்கொடுத்ததில்லை. எனக்கு வருகிற கோபத்துக்குப் பெட்டிகளை எல்லாம் ஒருநாள் கலைத்துப் போட்டால் என்ன என்று தோன்றும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பதினோராயிரம் வரிக்கு மேல் விளையாட்டு எழுதிய அந்த மனுஷி ஒரு மைதானத்தில் காலடி வைத்ததில்லை. கூட்டம் என்றால் தலைவலி, வெயில் என்றால் அலர்ஜி. “நடந்து முடிஞ்சதும் என்கிட்டதானே வரணும்? நான் ஏன் போய் நிக்கணும்?” என்பார்.

ஆனால் சில நாள் சாப்பாட்டு வேளையில் ஒரு பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார் பாருங்கள், அப்போது என் கோபமெல்லாம் எங்கே போகும் என்று தெரியாது. “செப்டம்பர் ஒண்ணு. ஒரு வருஷம் அன்னிக்கு உலக யுத்தம் ஆரம்பிச்சிருக்கு. இன்னொரு வருஷம் அதே தேதியில செஸ்ல உலக சாம்பியன் போன் பண்ணி ‘நான் தோத்துட்டேன்’னு சொல்லியிருக்கார். கடலுக்கு அடியில எழுபது வருஷத்துக்கு மேல கிடந்த அந்தப் பெரிய கப்பலைக் கண்டுபிடிச்சதும் இதே செப்டம்பர் ஒண்ணுதான். எல்லாம் ஒரே பெட்டியில ஒண்ணுமேல ஒண்ணு படுத்திருக்கு. ஒண்ணுக்கொண்ணு தெரியவே தெரியாது.” இதைச் சொல்லும்போது குரல் தானாகத் தணியும். ஒரு சாதாரணத் தேதிக்குள் இத்தனை பேர் வாழ்ந்து செத்திருக்கிறார்களே என்று மலைப்பாக இருக்கும்.

போன வருஷம் அக்டோபரில் ஒரு மத்தியானம் அந்த அறைக்கு ஒரு பெண்மணி வந்தார். பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, கழுத்தில் விசில். டிப்போவில் முக்கால் மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடி வந்திருந்தார். பையிலிருந்து மடித்த, பழுத்துப்போன ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் ‘இதே நாளில்’தான். செப்டம்பர் ஒன்றாம் தேதிக்குரியது. அதன் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினார். பதினாறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் அணி கால்பந்துக் கோப்பையை வென்றது, கடைசி பெனால்டியை கோல்கீப்பரே போய் அடித்தது.

“இந்த நாள்லதாங்க என் பொண்ணு பொறந்தா” என்றார்.

விஷயம் இதுதான். மகள் நீச்சல்காரி. பதினாறு வயதுக்குட்பட்டோர் போட்டியில் சேர வேண்டும் என்றால் அந்த வருஷம் செப்டம்பர் ஒன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். நகராட்சியின் பிறப்புப் பதிவேடு வெள்ளத்தில் கூழாகிவிட்டது. பள்ளிக்கூடத்திலோ முதல் வகுப்பு ஆசிரியை சோம்பேறித்தனமாக வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்று என்று எழுதி வைத்திருந்தார். ஒரே வகுப்பில் இருபத்தொரு பேருக்கு ஒரே பிறந்தநாள் என்றால் யார் நம்புவார்கள்? நீச்சல் சங்கத்தில், “பொறந்த அன்னிக்கு நடந்த ஏதாவது விஷயத்துக்குப் பத்திரிகை ஆபீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க, பரிசீலிக்கிறோம்” என்று சொல்லியிருந்தார்கள். கண்டக்டரம்மாவுக்குத் தேதி ஞாபகமில்லை. கோப்பை ஜெயித்த நாள் என்பது மட்டும் ஞாபகம். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் வரியைப் பார்த்துத்தான் ‘ஓ, செப்டம்பர் ஒன்றா’ என்று கண்டுபிடித்து, அதை பீரோ கதவில் ஒட்டி வைத்து, அன்றிலிருந்து அந்தத் தேதியில் கேக் வெட்டுகிறார்கள்.

தேதி அக்கா சந்தோஷமாகக் கடிதத்தாளை எடுத்தார். அவருடைய ஆறு வரி ஒருத்தருக்கு இப்படி உதவியதே இல்லை. பேனா மூடியைத் திறந்துகொண்டே, “எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?” என்று கேட்டார். சும்மா பேச்சுக்குத்தான்.

“மறக்க முடியுமாங்க? வலி எடுத்து பஸ்ல வர்றேன், புதுப் பாலத்துக்கிட்ட நிறுத்திட்டாங்க. அன்னிக்குத்தான் திறப்பு விழா. ரிப்பன் வெட்டற வரைக்கும் ஒரு வண்டியும் போகக்கூடாதாம். நான் போட்ட சத்தத்துல டிரைவர் இறங்கிப்போய் போலீஸ்கிட்ட சண்டை போட்டு, ரிப்பனைத் தூக்கிப் பிடிச்சு எங்க பஸ்ஸை மட்டும் அடியில விட்டாங்க. அந்தப் பாலத்து மேல முதல்ல போனது நான்தான், மந்திரி இல்ல. சாயங்காலம் பொறந்தா. நர்ஸ் ரேடியோவைக் காதுல வச்சுக்கிட்டே தொப்புள்கொடி வெட்டறாங்க. வார்டே மூச்சு விடல. கோல்கீப்பர் பந்தை வைக்கிறான்னு ரேடியோவுல சொல்றான். இவ வீல்னு கத்தறா. அதே நேரம் கோல்! எதுக்குக் கத்தறாங்கன்னே எனக்குப் புரியல. என் பொண்ணுக்குத்தான் கைதட்டறாங்கன்னு நினைச்சுட்டேன்.”

நாங்கள் இரண்டு வரியாக வைத்திருந்த ஒரு நாள், ஒரு மனுஷியின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை நடந்து வந்திருக்கிறது. தேதி அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

“பாலம் திறந்த அன்னிக்கேவா?” என்றார்.

“அன்னிக்கேதாங்க.”

அக்கா எழுந்து இரண்டு பெட்டிகளை எடுத்து வந்தார். பாலம் ஆகஸ்ட் முப்பத்தொன்று பெட்டியில் இருந்தது. கோப்பை செப்டம்பர் ஒன்று பெட்டியில். இரண்டு நறுக்குகளிலும் சிவப்பு முத்திரை.

இங்கே எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்போது எங்களுக்குக் காலைப் பதிப்பும் உண்டு, மாலைப் பதிப்பும் உண்டு. மாலைப் பதிப்பில் வந்தால் அன்றே நடந்தது, சிவப்பு மையில் முத்திரை. காலைப் பதிப்பில் வந்தால் முந்தின நாள் நடந்தது, ஊதா மை. எழுதும்போது சிவப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், ஊதாவில் ஒரு நாள் கழிக்க வேண்டும். நிறம்தான் கணக்கு.

அக்கா கீழ்த்தளத்துக்குப் போய், பைண்டு செய்த பழைய இதழ்களைத் தானே சுமந்து வந்தார். கோல்கீப்பர் படம் செப்டம்பர் ஒன்று காலைப் பதிப்பில் இருந்தது. அப்படியென்றால் ஆட்டம் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம். நறுக்கில் ஊதா இருந்திருக்க வேண்டும்.

“நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்” என்றார் மெல்ல. “ஊதா மைப் பேடு காய்ஞ்சு போயிருந்தது. நிறத்துல என்ன இருக்குன்னு சிவப்புலயே குத்திட்டேன். அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது. குத்தினதை மறந்தே போயிட்டேன்.”

கண்டக்டரம்மாவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். “அப்போ என் பொண்ணு முப்பத்தொண்ணா? ஒரு நாள்ல போச்சா?”

“ஆமாம்மா.”

“பேப்பர்ல போட்டதே நீங்கதானே! இப்போ நீங்களே இல்லேங்கறீங்க. உங்களை யாரு போய் அதையெல்லாம் தூக்கிட்டு வந்து பாக்கச் சொன்னா? என் வாயை நானே கட்டியிருக்கணும்.”

எனக்கும் பொறுக்கவில்லை. “கையெழுத்துப் போட்டுத் தொலைங்க அக்கா. அச்சுல இருக்கறதைத்தானே கேக்கறாங்க? ஒரே ஒரு நாள். யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கத்தினேன்.

“ஒரு நாள்தான்” என்றார் அக்கா. “ஆனா நான் இங்க வச்சிருக்கறது எல்லாமே ஒரு நாள், ஒரு நாள்தானேடி. அது தப்புன்னு தெரிஞ்சும் கொடுத்தா இந்த ரூமையே பூட்டிடலாம்.” சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்டக்டரம்மா அதைப் பார்க்க நிற்கவில்லை. வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் படிக்கட்டு வரை கேட்டது.

அன்று சாயங்காலம் வரை அக்காவோடு நான் பேசவில்லை. அவர் அந்த முதல் வாரத்தில் தப்பு நிறம் குத்திய நறுக்குகளைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார். மொத்தம் நாற்பத்து மூன்று. அத்தனையையும் திருத்தி, பத்திரிகையில் போடப்போவதாக ஆசிரியரிடம் போய் நின்றார். “இதையெல்லாம் எவன் படிக்கப்போறான்? நம்ம மானத்தை நாமே வாங்கணுமா?” என்றார் ஆசிரியர். “பீரோ கதவுல ஒட்டி வைக்கிறாங்க சார்” என்றார் அக்கா. மறுநாள் என் பக்கத்தில் முழுசாகக் கால் பக்கம் போயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சண்டை போடாமல் கொடுத்தேன்.

அது வெளியான அன்றே காலை பதினொரு மணிக்கு மகளே வந்தாள். பள்ளிச் சீருடை, ஈரம் காயாத தலை, குளோரின் வாசம்.

“ஆன்ட்டி, லெட்டர் வேணும். முப்பத்தொண்ணுன்னே எழுதுங்க. பெரியவங்க பிரிவுல சேரலாமாம், அதுக்கும் பொறந்த தேதி வேணுமாம். அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க.”

“அம்மா?”

“அழுதாங்க. அப்புறம் டூட்டிக்குப் போயிட்டாங்க. எனக்கு நீந்தணும் ஆன்ட்டி, யாரோடன்னாலும் சரி.”

அக்கா எழுதினார். பாலம் திறந்த நேரம், ஆட்டம் முடிந்த நேரம் எல்லாம் போட்டு, அச்சு வைத்தாற்போல எழுத்து. கடிதத்தை மடித்துக்கொண்டே அந்தப் பெண், “முப்பத்தொண்ணுல வேற என்ன ஆன்ட்டி நடந்திருக்கு?” என்று கேட்டாள். அக்கா பெட்டியைத் திறந்தார். “ஒரு தேசத்துக்குச் சுதந்திரம் கிடைச்சிருக்கு. அப்புறம், ஒரே ஓவர்ல ஆறு பந்துக்கும் ஆறு சிக்ஸர் அடிச்சிருக்கார் ஒருத்தர், பெரிய கிரிக்கெட்ல அதுதான் முதல் தடவை.” அவள் “ஆறுமா?” என்று வாயைப் பிளந்தாள். அந்தப் பெட்டியில் தானும் ஒருத்தி என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போட்டிக்கு நான் வேலையாகப் போனேன். தேதி அக்கா ஒரு பெரிய குடையும் தலைவலி மாத்திரையுமாக என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார். நான் ஏன் என்று கேட்கவில்லை.

காலையில் பதினாறு வயதுக்குட்பட்டோர் நானூறு மீட்டர் நடந்தது. ஜெயித்த பெண்ணின் நேரம் நாலு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. அக்கா அதைக் கைக்குட்டையின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். மத்தியானம் பெரியவர்கள் பிரிவு. எட்டுப் பேர். நம் பெண் ஓரத்து வரிசையில் நின்றாள். மற்ற ஏழு பேரின் தோள் உயரம்தான் இருந்தாள். இரண்டு வரிசை முன்னால் கண்டக்டரம்மா காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார்.

குதித்தார்கள். முதல் நூறு மீட்டரில் நம் பெண் கடைசி. இருநூறில் ஏழாவது. அப்புறம் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருத்தியைத் தாண்டினாள். நான் இருபது வருஷமாகப் போட்டிகள் பார்க்கிறவள், எழுதி எழுதிக் கை மரத்தவள். நானே குறிப்பு எழுத மறந்துவிட்டேன். பக்கத்தில் ஏதோ விழுந்தது. அக்காவின் குடை. அவர் பெஞ்சின் மேல் ஏறி நின்று, வெயிலில், “போடி! போடி! போ!” என்று அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தார். பதினாறு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

நம் பெண் நாலாவதாகச் சுவரைத் தொட்டாள். மெடல் இல்லை. பலகையில் நேரம் வந்தது. நாலு நிமிடம் ஐம்பத்தைந்து.

காலையில் ஜெயித்தவளைவிட மூன்று விநாடி குறைவு. அக்கா கைக்குட்டையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பெஞ்சிலிருந்து இறங்கித் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டார். அந்தத் தங்கத்தை அவளிடமிருந்து பறித்தது தன் பேனா என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெண் தண்ணீர் சொட்டச் சொட்ட அம்மாவிடம் ஓடி வந்தாள். “அம்மா, அஞ்சு நிமிஷத்துக்குக் கீழ நான் வந்ததே இல்லம்மா! அந்த அக்காங்க முன்னாடி போயிட்டே இருந்தாங்க, நானும் விடாமப் போயிட்டே இருந்தேன்!” என்று மூச்சு வாங்கச் சிரித்தாள். கண்டக்டரம்மா மகளைத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு படியேறி எங்களிடம் வந்தார். அக்கா எழுந்து நின்றார், திட்டு வாங்கத் தயாராக.

“பொறந்த அன்னிக்கும் இப்படித்தாங்க கத்துனாங்க” என்றார் கண்டக்டரம்மா. “ஆனா அன்னிக்கு எல்லாரும் பந்துக்குக் கத்துனாங்க. இன்னிக்கு நீங்க இவளுக்குக் கத்துனீங்க.”

ஈரமாக நின்ற அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா குளத்தையே பார்த்தார். தண்ணீர் இன்னும் அலைந்துகொண்டிருந்தது. கைப்பையில் துழாவிப் பேனாவை எடுத்தார், கைக்குட்டையில் நாலு ஐம்பத்தைந்து என்று எழுதினார், அதற்கு மேலே தேதி போடப் போனார். பேனா அப்படியே நின்றது. என் பக்கம் திரும்பினார். குழந்தை மாதிரி விழித்தார்.

“இன்னிக்கு என்ன தேதிடி?” என்றார்.

எனக்கும் சட்டென்று ஞாபகம் வரவில்லை. போனை எடுத்துப் பார்த்துத்தான் சொன்னேன்.