ரமலான் பகலில் ஒரு தட்டுச் சோறு

இரண்டு ரமலானுக்கு முன்னால், திண்டுக்கல் பேகம்பூரில், எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது. நடந்து முடிய ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருவேன். கணவருக்குத் தோல் மண்டியில் வேலை. போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அன்றைக்கு எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

எங்களுக்கு ஒரே மகள். காலேஜில் சேர்ந்த வருடம், ரமலான் பெருநாள் முடிந்து ஆறு நோன்பு வைத்தாள். அது எங்களில் பலருக்கு வழக்கம்தான். அதன் பிறகு திங்கள், வியாழன் என்று வாராவாரம் வைக்க ஆரம்பித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். பக்கத்துத் தெருவில் இருக்கும் என் நாத்தனார், "புள்ள வளத்தா இப்படில்ல வளக்கணும்" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னபோது பூரித்துப் போனேன்.

நோன்பு இல்லாத நாளிலும், காலேஜிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்பாள். இல்லாவிட்டால் தலைவலி என்பாள். புர்கா போட்டுப் போகிற பிள்ளை. உள்ளே உடம்பு உருகுவது எங்கள் கண்ணில் படவில்லை. ஒரு நாள் துணி காயப் போடக் கையைத் தூக்கினாள். வளையல் சரிந்து முழங்கை தாண்டிப் போய் நின்றது. அந்த வாரமே காலைத் தொழுகைக்கு எழுந்தவள் மயங்கி விழுந்தாள். நான் ஒருத்தியே அவளைத் தூக்கிவிட்டேன். இருபது வயதை நெருங்குகிற பிள்ளை அப்படியா லேசாக இருக்கும்?

ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கிக் குடிக்கக் கொடுத்தோம். மாதவிலக்கு நின்று பல மாதமானதையும் என்னிடம் மறைத்திருக்கிறாள். கடைசியில் ஒரு மனநல டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். நோயின் பெயர் அனோரெக்ஸியா. வயிற்றில் கோளாறு கிடையாது. உடம்பு மெலிய மெலிய, இன்னும் மெலி, இன்னும் மெலி என்று மனசு விரட்டிக்கொண்டே இருக்குமாம். இப்போதைக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டாம், வாராவாரம் வந்து எடை பார்த்துவிட்டு, கவுன்சிலிங் மேடத்திடம் பேசிவிட்டுப் போகட்டும் என்றார். "எடை இதுக்குக் கீழ எறங்குச்சுன்னா வீட்டுல வச்சிருக்க முடியாதும்மா, இதயத்துக்கு ஆபத்து" என்றும் சொன்னார். இதயம் என்ற ஒரு சொல் போதாதா எனக்கு?

அந்தக் கவுன்சிலிங் மேடம் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். மகள் உள்ளே போனதும் கதவைச் சாத்திவிடுவார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விரலைச் சொடுக்கிக்கொண்டிருப்பேன். பேசிப் பேசி வயிறு எப்படி நிறையும் என்று எனக்கு விளங்கவே இல்லை. சில நாள் மகள் அழுத கண்ணோடு வருவாள்.

"என்னத்தடி பேசுனீங்க?"

"சும்மா பேசுனோம்மா."

எனக்குச் சொல்லாததை அந்தப் பெண்ணிடம் சொல்கிறாளே என்று உள்ளுக்குள் ஒரு எரிச்சலும் இருந்தது.

சில வாரம் கழித்து என்னையும் உள்ளே கூப்பிட்டார். மகள் சாப்பிடும்போது நான் பக்கத்தில் உட்கார வேண்டுமாம். ஆனால் தட்டைப் பார்க்கக் கூடாது. சாப்பாடு, எடை, உடம்பு, இந்த மூன்றைப் பற்றியும் வாயைத் திறக்கக் கூடாது. "வேற ஏதாச்சும் பேசிட்டு இருங்க அக்கா" என்றார்.

"வேற என்னத்தம்மா பேசுறது?" என்று கேட்டேன். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. சாப்டியா, இன்னும் கொஞ்சம் வச்சுக்கோ, என்ன மிச்சம் வச்சிட்டே... இதை விட்டால் எனக்கும் என் மகளுக்கும் இடையில் பேச்சே இல்லை! முதல் நாள், ஃபேனில் தூசி என்றேன். மறுநாள், சுவரில் பல்லி என்றேன். அதுவும் தீர்ந்த பிறகு, பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் நான் மேடையேறிய கதையைச் சொன்னேன். எல்லாருக்கும் வணக்கம் என்றேன், வாய் ஒட்டிக்கொண்டது, இறங்கி ஒரே ஓட்டம், ஒரு செருப்பு மேடையிலேயே கிடந்தது.

"அம்புட்டுத்தானா பேச்சு?"

"அம்புட்டுத்தான். பரிசு குடுக்கல."

சிரிப்போடு சிரிப்பாக அவள் அடுத்த வாய் எடுத்து வைத்தாள். நான் தட்டைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே பார்த்தேன்.

இப்படி மெல்ல மெல்ல எடை ஏறிவந்த நேரத்தில்தான் ரமலான் நெருங்கியது. "எதை வேணா சொல்லுங்க கேக்குறேன், நோன்பை மட்டும் தடுக்காதீங்க" என்று பிடிவாதம் பிடித்தாள். நோன்பு வைத்தால் ஏறியது எல்லாம் இறங்கிவிடும். வைக்காதே என்று சொன்னால் பாவமாகிவிடுமோ என்று இன்னொரு பயம். "நோயாளிக்கு மார்க்கத்துல சலுகை இருக்குத்தா" என்றார் கணவர்.

"நான் நோயாளியா அத்தா?"

அவ்வளவு நாள் வைத்தியத்துக்கு வந்தாளே தவிர, தனக்கு நோய் என்று அவள் ஒரு தடவைகூட ஒத்துக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது.

அந்த வாரம் மேடம் என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார். "நோன்பு பத்தி எனக்குத் தெரியாதுங்க அக்கா. தங்கச்சிக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு மகளிடம் திரும்பினார். "உன் ஃப்ரெண்டுக்கு டைஃபாய்டு. நோன்பு வைக்கட்டுமான்னு உங்கிட்ட கேக்கறா. என்ன சொல்லுவ?"

"வேணாம், குணமானதும் வச்சுக்கோன்னு சொல்லுவேன்."

"எனக்குக் காய்ச்சலே இல்லைன்னு அவ சாதிச்சா?"

மகள் துப்பட்டா முனையைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, "தொட்டுப் பாக்குறவங்களுக்குத்தானே காய்ச்சல் தெரியும்னு சொல்லுவேன்" என்றாள். நான் நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பொறுங்க என்பது போல மேடம் என்னைப் பார்த்தார். அதற்கு மேல் அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ரமலான் முதல் நாள், விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு அவள் எழவில்லை. விடிந்த பிறகு எழுந்து வந்து, "இட்லி இருக்காம்மா?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அடுப்பைப் பற்ற வைத்தபோது எனக்குக் கண் மறைத்தது.

அதிலிருந்து பகல் சாப்பாடு சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அவள் நோய் விஷயத்தை நாத்தனாரிடம்கூட நாங்கள் சொல்லியிருக்கவில்லை. வாசனை தெருவுக்குப் போகக் கூடாது என்று தாளிக்கக்கூட மாட்டேன். நான் நோன்பு. நாக்கு வறள வறளப் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுவேன்.

ஒரு மத்தியானம், நோன்புக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வடைக்குப் பருப்பை ஊற வைத்து எடுத்துக்கொண்டு நாத்தனார் பின்வாசல் வழியாக வந்துவிட்டார். "ஏ புள்ள, எங்க வீட்டுக் கிரைண்டர் ஓடல. இதச் செத்த..." என்றவர் தட்டைப் பார்த்து நின்றார்.

"என்னத்தா இது? நோன்பு இல்லையா நீயி?"

மகளின் கை சோற்றோடு அப்படியே நின்றது. முகத்தில் ரத்தமே இல்லை. விரல் மெல்லத் தட்டின் விளிம்புக்குப் போனது. அந்த விரல் தட்டைத் தள்ளி எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! இன்றைக்குத் தள்ளினால் நாளைக்குத் தட்டின் முன்னால் உட்கார மாட்டாள். அடுத்த வாரம் எடை மெஷின். அதன் பிறகு ஆஸ்பத்திரிப் படுக்கை. அதற்கும் அப்பால் என் புத்தி எங்கெங்கோ ஓடியது.

எங்களில் பெண்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மாதவிலக்கு நாளில் நோன்பு கிடையாது. "அவளுக்குத் தொழுகை இல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்தப் பெண்ணும் மேற்கொண்டு கேட்க மாட்டாள். பல மாதமாக அது வராத பிள்ளைக்கு அந்தப் பொய்யைச் சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். "அவளுக்கு..." என்பது வரை வந்தும் விட்டது.

"எனக்கு உடம்பு சரியில்ல மாமி" என்றாள் மகள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "சாப்பாட்டக் கண்டாலே பயம் வர்ற சீக்கு. ட்ரீட்மெண்ட்ல இருக்கேன். சாப்டாத்தான் சரியாகும். அதான் நோன்பு வைக்கல."

நாத்தனார் பருப்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். "அப்ப... முந்தி வாராவாரம் வச்சியே, அது?"

"அதுல பாதி நோன்பு இல்ல மாமி. சீக்குத்தான்."

"அடி கிறுக்கி, ஒன்னய ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடிச்சேனே" என்று நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அடுத்த நிமிஷமே, "சரி, நல்லா அள்ளி வச்சுத் தின்னு. எலும்பா..." என்று ஆரம்பித்தார்.

"மதினி! சாப்பாட்டுப் பேச்சுப் பேசக் கூடாது!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் திகைத்துவிட்டார். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அந்த மனுஷி தன் வீட்டுக்குள் புகுந்த திருட்டுப் பூனையைப் பற்றிப் பேசினார், பேசினார், தட்டு காலியாகும் வரை பேசினார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. நடுவில் எடை இறங்கி எங்களைக் கலங்கடித்த மாதங்களும் உண்டு. இன்றும் மாதம் ஒரு முறை போய்ப் பேசிவிட்டு வருகிறாள். இந்த வருடமும் அவள் நோன்பு வைக்கவில்லை; பகல் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்தவும் இல்லை. நான் ஊரெல்லாம் சொல்லிப் பூரித்த அத்தனை நோன்பையும் விட, கையில் சோற்றை வைத்துக்கொண்டு என் மகள் உண்மையைச் சொன்னாளே, அந்த ஒரு பகலைத்தான் இறைவன் அதிகம் பிரியப்பட்டு ஏற்றுக்கொண்டிருப்பான் என்று என் மனசு இன்றும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.