மங்களம் பாடாத வெள்ளிக்கிழமை

யுத்த காலம். மயிலாப்பூரில் எங்கள் மாதர் சங்கத்தில் வெள்ளிக்கிழமை மத்தியானம் இங்கிலீஷ் நாவல்களைத் தமிழில் கதையாகச் சொல்வது என் பொறுப்பு. மாமியார் என்னைத் தனியாக வாசல் தாண்ட விட்டது அதற்கு மட்டும்தான். சங்கம் கையை விட்டுப் போனால் எனக்குச் சமையலறைதான் கதி.

கதை எதுவானாலும் மங்களகரமாக முடிய வேண்டும், பிறகு ஒருத்தி மங்களம் பாடுவாள், சுண்டல் தருவார்கள். எனக்கு முன்னால் கதை சொன்ன மாமி, செத்துப்போன கதாநாயகிகளையெல்லாம் பிழைக்க வைத்துக் கல்யாணமும் செய்து வைத்த புண்ணியவதி.

என் போதாத காலம், பழைய புத்தகக் கடையில் பிரெஞ்சு நாவல்கள் சில இங்கிலீஷில் கிடைத்தன. பசியைப் பசி என்றும் அழுக்கை அழுக்கு என்றும் எழுதியவர்கள். படித்துவிட்டுத் தூக்கம் கெட்டது. கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் படியுங்கள், படியுங்கள் என்று பிடுங்கி எடுத்தேன். சங்கத்திலும் அதில் ஒன்றையே எடுத்தேன். நூல் ஆலையில் வேலை போய், வாடகை அறையில் பட்டினியில் சாகிற ஒருத்தியின் கதை.

அந்தக் கதை முடிகிற வாரம் சங்கத் தலைவி, ஒரு ஜட்ஜின் மனைவி, என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏண்டிம்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாவைச் சொல்லிண்டு... அவளுக்கு ஒரு நல்ல வேலை கிடைச்சதுன்னு முடிச்சுடேன்."

"எழுதினவரே அவளைக் காப்பாத்தலை மாமி. நான் யாரு காப்பாத்த?"

"அப்படின்னா அடுத்த வாரத்திலேர்ந்து நீ வர வேண்டாம்."

ஆனாலும் உள்ளே போய், அவள் செத்ததைச் செத்ததாகவே சொன்னேன். ஊரே ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கிற நாளில், பட்டினியை மூடி மறைக்க எனக்கு வாய் வரவில்லை. மங்களம் பாடுகிறவள் வாயைத் திறந்தாள், பாட்டு வரவில்லை. சுண்டல் அப்படியே ஆறிப்போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் மாவரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் குரல் கேட்டது. அந்தப் பாட்டுக்காரியும் அவளோடு நாலைந்து பெண்களும்.

"குங்குமம் வாங்கிக்க வந்தோம்" என்றாள் மாமியாரிடம். என்னைப் பார்த்து, "அந்தப் பிரெஞ்சுக்காரா வேற என்ன எழுதியிருக்கா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை வீடு தேடி வந்த சுமங்கலிகளை எந்த மாமியார் திருப்பி அனுப்புவாள்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தார். நான் கையைக் கழுவிவிட்டுக் கூடத்தில் பாயை விரித்தேன்.

"முன்னாடியே சொல்லிடறேன். இதுலேயும் ஒருத்தி செத்துப்போவா."

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.