துப்பட்டா வாங்கிய அக்காவும் தங்கச்சியும்

லாஸ்பேட்டை வீட்டின் பின்னறையில் தறி போட்டு நானே நெய்த காட்டன் துப்பட்டாக்களை முதன்முதலாகக் கைவினைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். வியாபாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: வருகிறவர்கள் பேரம் பேசுவார்கள். அதனால் எழுநூறு ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்று நினைத்ததற்கெல்லாம் தொள்ளாயிரம் என்று எழுதிச் சீட்டுக் கட்டினேன்.

கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். முதல் நாள் முழுக்க ஒருவர்கூடப் பேரம் பேசவில்லை. சீட்டைத் திருப்பிப் பார்த்தார்கள், "நல்லாருக்கு" என்றார்கள், நகர்ந்தார்கள். குறைத்துக் கொடுக்கத் தயாராக நான் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பக்கத்துக் கடைக்காரி தோல் பைகள் விற்றாள். ஊரில் பல காலமாக வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள் இருப்பாள். சாயங்காலம் என் மேசையைப் பார்த்துவிட்டு அவளால் பொறுக்க முடியவில்லை.

"இன்னாக்கா இது, ரேஷன் கடையில இலவச சேலை குடுக்கற மாதிரி அடுக்கி வெச்சிருக்கீங்க? பிரிச்சித் தொங்க விடுங்க. துணின்னா காத்துல ஆடணும்."

இரண்டு பேருமாகக் கயிறு கட்டினோம். நீலங்கள் ஒரு பக்கம், காவி நிறங்கள் ஒரு பக்கம், மஞ்சள் ஒன்றை மட்டும் தனியாக வாசல் ஓரம். அவளுடைய டேபிள் ஃபேனையும் என் பக்கம் திருப்பி வைத்தாள். மறுநாள் காலை ஆட்கள் நின்று பார்க்கத்தான் செய்தார்கள். வாங்கவில்லை.

"முதல்ல கை வெக்க எல்லாருக்கும் கூச்சம். நான் வந்து வாங்கறேன், பாருங்க" என்றாள்.

"நீ எதுக்கும்மா வாங்குற?"

"வாங்கற மாதிரிக்கா!"

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றினாள். மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி, யாரோ போல வந்து நின்று, நாலு கடைக்குக் கேட்கிற மாதிரி, "இந்த நீலம் என்ன விலைங்க?" என்றாள்.

"தொள்ளாயிரம்."

"அம்மாடி! கொஞ்சம் குறைச்சுக்குங்க."

நேற்றிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ ஒரு திமிர் வந்துவிட்டது. "கையால நெய்ஞ்சதுங்க. ஒத்த ரூபா குறையாது" என்றேன். அவள் கெஞ்சினாள், நான் மறுத்தேன். ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். எல்லாம் நினைத்தபடியே போனது, குடையோடு ஒரு பிரெஞ்சுக்கார மதாம் உள்ளே புகுகிறவரைக்கும்.

பூப்போட்ட கவுன், வெள்ளை முடி, எழுபது வயதுக்கு மேலிருக்கும். "நோன், நோன்!" என்று குடையால் தரையைத் தட்டினார். "பாவம், அந்தப் பொண்ணு எவ்ளோ நேரமா கேக்குது! எழுநூறு வாங்கிக்கிட்டுக் குடும்மா."

"கட்டாதுங்க மதாம்."

"எல்லாம் கட்டும். குடு."

சுற்றி நின்றவர்கள் மொத்தமாக அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். கொடுத்தேன். மதாம் நகராமல் பார்த்துக்கொண்டே நின்றதால், பக்கத்துக் கடைக்காரி தன் பர்ஸிலிருந்து உண்மையான பணத்தையே எடுக்க வேண்டியதாயிற்று.

"எங்களுக்கும் எழுநூறுதானேக்கா?" என்றாள் ஒரு கல்லூரிப் பெண். இல்லையென்று எப்படிச் சொல்வது? நின்ற இடத்திலேயே மூன்று போனது.

பொட்டலத்தோடு கடைக்காரி கூட்டத்தில் மறைந்தாள். மதாம் நேராக அவளுடைய பைக் கடைக்கே போனார்.

"இந்தக் கடைக்காரங்க எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்காங்க" என்றேன்.

"வரட்டும்" என்று அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் அவள் பின்பக்கத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, மூக்கில் கணக்குப் பார்க்கிற கண்ணாடி. மதாம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ இப்பதானே அங்க துப்பட்டா வாங்கினே?"

"அது எங்க அக்கா, மதாம். நாங்க ரெட்டைப் பிள்ளைங்க."

கண் இமைக்காமல் சொன்னாள். நான் கீழே விழாத கத்தரிக்கோலைத் தேடி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

"அப்படியா! அக்கா எடுத்தா தங்கச்சிக்கு வாணாமா?" மதாம் என் பக்கம் திரும்பினார். "எங்க போயிட்டே? இவளுக்கும் அதே நீலத்துல ஒண்ணு எடு. அதே விலைதான்."

மேசைக்கு அடியிலிருந்து எழுந்து, சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வழிய, இன்னொன்றை மடித்துக் கொடுத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் பர்ஸைத் திறந்தாள். அதன்பிறகு மதாம் ஒரு கைப்பையை எடுத்து, சீட்டில் போட்டிருந்த விலையை அப்படியே கொடுத்து, "மெர்சி" என்று நன்றி சொன்னார். வாசல் வரை போனவர் திரும்பி, "அக்காவைக் கேட்டேன்னு சொல்லு" என்றார்.

அவர் கண்டுபிடித்துவிட்டார் என்பது என் கட்சி. இல்லவே இல்லை, தன் நடிப்பு அவ்வளவு சுத்தம் என்பது அவள் கட்சி. இன்றுவரை தீராத வழக்கு.

மத்தியானம் தொள்ளாயிரம் சீட்டுகளையெல்லாம் அறுத்துவிட்டு, பெரிய எழுத்தில் எழுநூறு என்று எழுதித் தொங்கவிட்டேன். சாயங்காலத்துக்குள் நீலம் தீர்ந்துவிட்டது. கடை கட்டும்போது அவளுடைய ஆயிரத்து நானூறைத் திருப்பி நீட்டினேன். பாதியை எடுத்துக்கொண்டு, ஒரு பொட்டலத்தை மட்டும் என்னிடம் தந்தாள்.

"ஒண்ணு நானே வெச்சுக்கறேன்க்கா. போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு."

"எது, அக்காவோடதா, தங்கச்சியோடதா?"

"அக்காவோடது. தங்கச்சி கொஞ்சம் கஞ்சம்."